கனவளவால் பிரிக்காமல் விட்ட கணக்கு

நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையிலிருந்து இரண்டு உளுந்து வடை வந்தது. சுற்றியிருந்த தாளில் எண்ணெய் ஊறி, எழுத்து மறுபக்கமும் தெரிந்தது. யாரோ ஒரு ரியூசன் பிள்ளை எழுதிக் கழித்த தாள். மேலே ஒரு சமன்பாடு, நடுவில் இரண்டு பக்கமும் போகிற அம்புக்குறி, கீழே மூன்று வரி: தொடக்கத்தில், மாற்றம், சமநிலையில். வடையை மேசையில் வைத்துவிட்டுத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன், பிள்ளை எங்கே பிழைவிட்டிருக்கிறது என்று பார்க்க. என் கடையில் நிற்கிற பெண்பிள்ளை கேட்டாள்: "முதலாளி, வடையைத் தின்னப் போறியளோ, படிக்கப் போறியளோ?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, சுவரில் தட்டக் கையை ஓங்கிவிட்டேன். முன்பு இரண்டு தட்டு தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து நீ வருவாய். இப்போது அந்தப் பக்கம் போனுக்கு உறை விற்கிறார்கள். தட்டினால் அந்தப் பொடியள் பயந்துபோவார்கள். கையை இறக்கிக்கொண்டேன்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. சாமானுக்குச் சொல்லி அனுப்புவதைக்கூட வாயால்தான் சொல்வேன். ஆனால் அந்த வடைத்தாளைப் பார்த்ததிலிருந்து மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. சொல்ல வேறு ஆளும் இல்லை.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கரியரில் பிளாஸ்டிக் வாளி கட்டி, அளவெட்டிப் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவி விற்றவன். பிறகு திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியில் ஒரு அரைக்கடை, பிறகு முழுக்கடை. என்னை ஒருவரும் தூக்கிவிடவில்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன், நீ அடிக்கடி கொட்டாவி விடுவாய்.

நீ எனக்குப் பக்கத்துக் கடை. காஸ் அடுப்புத் திருத்துகிறவன். குழாயின் பொருத்தில் சவர்க்கார நுரையைத் தடவிவிட்டு, எங்கே குமிழி எழும்புகிறது என்று கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த நேரத்தில் எவன் வந்து கூப்பிட்டாலும் உனக்குக் காது கேட்காது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன் நீ. பரீட்சை வர இருந்த நேரம் ஊரே இடம்பெயர்ந்து போனது, நீயும் போனாய். திரும்பி வந்தபோது வீட்டுக்கு உழைப்பு வேண்டியிருந்தது, படிப்பு வேண்டியிருக்கவில்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் புலம்பியதில்லை. நானும் கேட்டதில்லை. கடைக்காரருக்குள் அப்படித்தான். இன்று என்ன விற்றது என்று கேட்போம், அன்று என்ன தவறிப்போனது என்று கேட்கமாட்டோம்.

உன் மகளின் உயர்தரப் பெறுபேறு வந்த அன்றைக்கு நீ கடை திறக்கவில்லை. மற்ற இரண்டு பாடமும் நல்லாய்ச் செய்திருந்தாள். இரசாயனவியல் எஃப். நம்முடைய ஊரில் அது எப்படி என்று வெளியூர்க்காரனுக்கு விளங்காது. கோயிலுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும், செத்த வீட்டுக்குப் போனாலும், "பிள்ளைக்கு என்ன றிசல்ற்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளை மானிப்பாய் வீட்டில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டது. சாப்பாட்டைக் கதவடியில் வைத்து, கோப்பையைக் கதவடியில் எடுக்கிற நிலைமை. திரும்ப எழுதமாட்டேன், பள்ளிக்கூட வாசலை மிதிக்கமாட்டேன், தனக்குக் கீழ் வகுப்பில் படித்ததுகளோடு ரியூசனில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு எதுவும் சொல்லவே இல்லை. அதுதான் உன்னைப் பயப்படுத்தியது.

ஒருநாள் காலை நீ வந்து என் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னாய்: "மச்சான், நான் கெமிஸ்ரி எழுதப்போறன்."

"ஆருக்கு எழுதப்போறாய்? காஸ் கொம்பனிக்கோ?"

"சோதினை. ஏ.எல். தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் ஒரு பாடம் மட்டும்."

"உனக்கென்ன விசரே? பேரப்பிள்ளை காணுற வயசிலை..."

"பேரப்பிள்ளை காணுறதுக்கு முதல், பிள்ளை அறையை விட்டு வெளியிலை வரவேணும்."

அதற்கு மேல் நான் பகிடி விடவில்லை. ஆனால் மற்றவர்கள் விட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் உனக்குக் 'கம்பஸ்' என்று பெயர் வைத்தார். "கம்பஸுக்கு ஒரு பிளேன்ரீ, சீனி குறைய" என்று வீதிக்கே கேட்கக் கத்துவார். பல்கலைக்கழகத்துக்குப் போகிற நிசமான கம்பஸ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீ கையைத் தூக்கி அவர்களுக்கு வணக்கம் வைப்பாய்.

உன் திட்டம் என்னவென்று பிறகுதான் சொன்னாய். வீட்டு விறாந்தையில் இருந்து சத்தமாகப் படிப்பாய். "அவள் எட்டிப் பார்ப்பாள் மச்சான். நான் பிழையாய்ச் சொல்லுறதை அவளாலை பொறுக்கேலாது." அப்படியே நடந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு இருமல். அடுத்த நாள், "அப்பா, அது அப்பிடியில்லை" என்று ஒரு குரல். அதற்கடுத்த கிழமை கதவு அரைவாசி திறந்தது. நீ அதை என்னிடம் சொன்னபோது நான் உன் முதுகில் தட்டி, "நல்ல நடிகனடா நீ, பிழைவிட்டே பிள்ளையை இழுத்துப்போட்டாய்" என்றேன்.

நீ தலையைச் சொறிந்தாய். "நான் வேணுமெண்டு பிழைவிடேல்லை. உண்மையாவே தெரியேல்லை."

இருவரும் எழுதுவது என்று முடிவானது. பள்ளிக்கூடத்தால் எழுதமாட்டேன் என்றபடியால் அவளும் தனிப்பட்ட பரீட்சார்த்தி. ஒரே நாளில் சேர்ந்து விண்ணப்பித்தீர்கள். "அப்பா எழுதினால் எழுதுறன்" என்று அவள் சொன்னாள் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்தது பெருமையா பயமா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நீ பின்வாங்கினால் அவளும் பின்வாங்குவாள். அந்த ஒரு சோதினையில் உன் வீடு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை விழுந்த இடம் வாயுச் சமநிலைக் கணக்கு. நீயும் அங்கேதான் வந்து விழுந்தாய். ஒரு மூடிய பாத்திரம், உள்ளே ஒரு வாயு. அதில் கொஞ்சம் உடைந்து வேறு வாயுவாகும். அதில் கொஞ்சம் திரும்பிச் சேர்ந்து பழையதாகும். ஒரு கட்டத்தில் அளவுகள் மாறாமல் நிற்கும். அப்போது எது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு உடைந்தது என்று தெரியாது, அதற்குத்தான் x. வெப்பநிலை மாறாதவரை மாறாத ஒரு மாறிலியைத் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு x ஐப் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் நீ சரியாக வருவாய். வர்க்கமூலம் வந்ததும் படுத்துவிடுவாய். பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேற்றர் விடமாட்டார்கள்.

ஒருநாள் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. வழக்கமாக நான்தான் தட்டுகிறவன். போய்ப் பார்த்தால் நீ தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறாய். "மச்சான், முப்பதின்ரை வர்க்கமூலம் என்ன?"

"அஞ்சரையிலும் கொஞ்சம் குறைய. அஞ்சு புள்ளி நாலு எட்டு எண்டு போடு."

"எப்பிடிச் சொன்னனி?"

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கிறவனுக்கு எண் தலைக்குள் தானாக உடையும். அன்றிலிருந்து உன் கல்குலேற்றர் நான். நீ சமன்பாட்டை அமைப்பாய், நான் எண்ணைச் சொல்லுவேன். சாமான் வாங்க வந்தவர்கள் நடுவில் நிற்பார்கள். "அக்கா, அந்த மூடி போட்ட வாளி இருநூறு லீற்றர் இல்லை, இருபது. மச்சான், மூண்டு புள்ளி ஒண்டு ஆறு" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன்.

ஒருமுறை நான் கேட்டேன்: "சமநிலை எண்டா எல்லாம் நிண்டுபோச்சு எண்டுதானே?"

"இல்லை. இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறவனுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் உது மனசிலை ஏறுதில்லை. பாடமாக்கி வைச்சிருக்கிறாள், நம்புறாளில்லை."

"உந்த வாளித் தட்டைப் பார். எப்ப பார்த்தாலும் நிறைஞ்சு கிடக்கு. அதுக்காக நான் வாளி விக்கேல்லை எண்டு சொல்லுவியோ? விக்கிற வேகத்துக்கு வந்து இறங்குது, அவ்வளவுதான்."

நீ தட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உடனே உன் கடைப்பக்கம் போய்விட்டாய். அடுத்த நாள் காலை கடையைத் திறக்க முதலே வந்து நின்றாய். "வாளிக் கதையைச் சொன்னனான் மச்சான். பிள்ளை சிரிச்சவள்." பெறுபேறு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னாய். என் வாழ்க்கையில் நான் கொடுத்த சாமான்களில் காசு வாங்காமல் கொடுத்து இவ்வளவு சந்தோசப்பட்டது வேறில்லை. அதையும் உன்னிடம் சொல்லவில்லை. "சரி சரி, தேத்தண்ணி சொல்லு" என்றுதான் சொன்னேன்.

சில கணக்கில் மாறிலி மிகச் சிறியதாக இருக்கும். அப்போது x உம் சிறியது. கழிக்கிற இடத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் இருபடிச் சமன்பாடே தேவையில்லை, நேரே விடை வரும். எனக்கு அது நன்றாகப் பிடித்தது. யாவாரியின் குணம் அது, சில்லறையை விட்டுப் பெரியதைப் பார்ப்பது. எல்லாக் கணக்கிலும் "விடு மச்சான், சின்னதுதானே" என்பேன். நீ விடமாட்டாய். "விடலாம். விட்டபிறகு ஒருக்கால் திரும்பிப் பார்க்கவேணும். உண்மையிலை சின்னதுதானோ எண்டு." விடை வந்தபிறகு அதைக் கொண்டுபோய் முதல் எண்ணோடு ஒத்துப் பார்ப்பாய். பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவாய். எனக்கு எரிச்சல் வரும்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ ஐதரசன், அயடீன் கணக்குகளில் இறங்கினாய். கிழமைக்கணக்காக அதுதான். அதில் பாத்திரம் எத்தனை லீற்றர் என்று கொடுத்திருப்பார்கள், ஆனால் தேவைப்படாது. "கனவளவைப் பாராதை, மேலையும் கீழையும் வெட்டுப்பட்டுப் போகும்" என்று நீயே எனக்குச் சொல்லித் தந்தாய். நேரம் மிச்சம் என்று இருவரும் சந்தோசப்பட்டோம். வரிசையாக விடை சரிவந்தது. உனக்கு முகம் தெளிந்துவிட்டது. "இந்தமுறை எடுத்துப்போடுவன் மச்சான்" என்று ஒருநாள் சொன்னாய். நீ உன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது.

நிறமில்லாத ஒரு நைதரசன் வாயு. அது உடைந்தால் ஒன்று இரண்டாகி, கபில நிற வாயு வரும். ஒரு மூல் அளவு வாயு போடுகிறார்கள், இரண்டு லீற்றர் பாத்திரம், மாறிலி ஒன்று. நீ வழக்கம்போல மூன்று வரியையும் எழுதி, சமன்பாட்டை அமைத்து, "பதினேழின்ரை மூலம்" என்றாய்.

"நாலு புள்ளி ஒண்டு இரண்டு."

நீ மிச்சத்தைச் செய்தாய். மூல் ஒன்றில் புள்ளி மூன்று ஒன்பது உடைந்திருக்கிறது என்று வந்தது. பின்பக்கத்தைத் திருப்பினால் புத்தகம் சரிபாதி என்கிறது. "திரும்பச் சொல்லு மச்சான்."

"நாலு புள்ளி ஒண்டு இரண்டு. நாநாலு பதினாறு, மிச்சம் ஒண்டை எட்டாலை பிரி, கொஞ்சம் குறைச்சுக்கொள். என்னத்தைத் திரும்பச் சொல்லுறது?"

"எங்கையோ பிழை."

"என்ரை கணக்குப் பிழைக்காது. உன்ரை புத்தகம் பிழை."

"புத்தகம் பிழையில்லை."

"அப்ப நான் பிழையோ? இவ்வளவு காலம் கடை நடத்திறன், ஒருத்தன் வந்து என்ரை கணக்குப் பிழை எண்டு சொல்லேல்லை."

"உன்னைச் சொல்லேல்லை மச்சான்." நீ தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாய். அதை நான் பார்த்தேன். என்ன நோவு என்று கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். "வாய்வு. காலமையிலிருந்து. சின்னன்தான், விடு" என்றாய். நான் விட்டுவிட்டேன். வாளி இறக்க லொறி வந்து நின்றது. நீ தலையை இல்லை என்று ஆட்டிக்கொண்டு, புத்தகத்தை மூடி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். போகிறேன் என்று சொல்லவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடிய உன் மனுசி போன் எடுத்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன்னை மூடிவிட்டார்கள்.

எல்லாரும் எல்லாம் சொன்னார்கள். நெஞ்சு நோவை வாய்வு என்று நினைத்து இஞ்சி இடித்துக் குடிக்கிறது எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிறது, நீ மட்டுமா என்றார்கள். டொக்ரரும், முதல் நாளே வந்திருந்தாலும் சொல்லமுடியாது என்றார். இருக்கலாம். ஆனால் உன்னிடம் சொல்ல என்னிடம் ஒரு வசனம் இருந்தது. அது உன்னுடைய வசனம்தான். விட்டபிறகு ஒருக்கால் திரும்பிப் பார்க்கவேணும். தினமும் கேட்டு எரிச்சல்பட்ட அந்த வசனம் அன்றைக்கு என் வாயில் வரவில்லை. லொறியில் எத்தனை வாளி உடைந்து வந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டேன். இதற்கு நான் அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் கடை பூட்டுகிற நேரம் தினமும் ஞாபகம் வருகிறது.

செத்த வீட்டில் பிள்ளை ஒருவரோடும் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பரீட்சை வந்தது. உங்கள் இரண்டு பேரின் அனுமதி அட்டைகளும் ஒரே நாளில் தபாலில் வந்திருந்தன. உன் மனுசி எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: "அண்ணை, அவள் போகமாட்டாளாம். திரும்பக் கதவைச் சாத்திப்போட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? விடுவம் எண்டு பார்க்கிறன்."

அடுத்த நாள் மானிப்பாய்க்குப் போனேன். போகும்போது என்ன சொல்வது என்று ஒன்றும் தெரியாது. அப்பாவின் ஆத்மா சாந்தியடையும், அப்பாவுக்காக எழுது என்று அதுவரை வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சாமான் அங்கே போதுமான அளவுக்கு இருந்தது. நானும் கொண்டுபோய் இறக்க வேண்டியதில்லை.

கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். "பிள்ளை, மாமா வந்திருக்கிறன். உன்னைச் சோதினைக்குப் போ எண்டு சொல்ல வரேல்லை."

கதிரையைக் கதவுக்கு இன்னும் கிட்ட இழுத்தேன்.

"எனக்கு ஒரு கணக்கு முடியாமல் கிடக்கு. அப்பாவும் நானும் அண்டைக்குச் சண்டைபிடிச்சனாங்கள். பதினேழின்ரை மூலம். நான் நாலு புள்ளி ஒண்டு இரண்டு எண்டனான். அது சரி, நான் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்திட்டன். புத்தகம் வேறை சொல்லுது. கொப்பர் தலையை ஆட்டிப்போட்டுப் போனவர். எங்கை பிழை எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் எனக்கு நித்திரை வருகுதில்லை."

அது பொய்யில்லை. அதற்காகத்தான் போனேனா, பிள்ளைக்காகப் போனேனா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

உன் மனுசி குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து: "என்ன கணக்கு?"

சொன்னேன். ஒரு மூல், இரண்டு லீற்றர், மாறிலி ஒன்று. நான் எண்ணை மறக்கிறவன் இல்லை. உள்ளே பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு கதவு திறந்தது. பிள்ளை மெலிந்து, கண் உள்ளே போய், உன்னுடைய பழைய சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றது.

"மாமா, கனவளவாலை பிரிக்கேல்லை."

"அது வெட்டுப்பட்டுப் போகுமெண்டு கொப்பர் சொன்னவர்."

"அது அயடீன் கணக்கிலை. அதிலை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கமும் இரண்டு. பாத்திரம் பெரிசோ சின்னனோ, மேலையும் கீழையும் வெட்டுப்படும். இதிலை ஒண்டு இரண்டாகுது. வெட்டுப்படாது. இரண்டு லீற்றராலை பிரிச்சுப்போட்டுத்தான் வைக்கவேணும்." தாளைத் திருப்பிக் காட்டினாள். "இப்ப பாருங்கோ. மூலத்துக்குள்ளை பதினேழு வராது. ஒன்பது வரும்."

ஒன்பதுக்கு நான் தேவையில்லை. அவள் மூன்று என்று எழுதி, அரை என்று கீழே கோடு போட்டாள். சரிபாதி. புத்தகம் சொன்னதுதான்.

"பழகின கையாலை வாற பிழை, மாமா. போனமுறை நான் விட்டதும் இதைத்தான். ஒரு மாசம் முழுக்க அயடீன் செய்துபோட்டுப் போய்ச் சோதினையிலை இருந்தனான். பாத்திரத்தைப் பார்க்கவேயில்லை." அவள் சுவரில் சாய்ந்தாள். "அப்பா அண்டைக்கு வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். வந்து பேசாமல் படுத்தவர். களைப்பாக்கும் எண்டு நானும் கூப்பிடேல்லை."

எனக்கும் அதே கதைதான். தாளை வாங்கித் திரும்பவும் மேலிருந்து பார்த்தேன். நீ அன்றைக்கு அந்த விடையை ஒப்புக்கொள்ளாமல் தலையை ஆட்டினாய். புத்தகம் சரி என்றாய். நீ சரியான இடத்துக்குக் கிட்டவந்துவிட்டாய், பாத்திரம் ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு நான் என் கணக்கைப் பற்றிக் கத்தாமல், "இரு, மற்றதையும் பார்ப்பம்" என்று சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருப்போம். நீ சிரித்துக்கொண்டு போயிருப்பாய். சாவு மாறியிருக்காது. நீ போகும்போது இருந்த முகம் மாறியிருக்கும்.

எழும்பும்போது சொன்னேன்: "சோதினை அண்டைக்குக் காலமை ஓட்டோவோடை வருவன். போறது விடுறது உன்ரை விருப்பம். போகாட்டி ஓட்டோவிலை சும்மா ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம், காசு வீண்போகாது."

"மாமா எப்பவும் காசுதான்" என்றாள். சிரித்தாள் என்று சொல்லமாட்டேன். வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது.

பரீட்சை அன்று நான் போனபோது அவள் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றாள். பரீட்சை நிலையத்து வாசலில் தாய்தகப்பன்மார் தண்ணிப் போத்தலோடு நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். ஒரு மனுசன் என்னைப் பார்த்து, "உங்கடை மகளோ?" என்றார். "சிநேகிதன்ரை மகள்." "அவர் வரேல்லையோ?" இல்லை என்றேன். நீயும் எழுத வந்திருக்க வேண்டியவன் என்று சொன்னால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

முடிந்து வந்தவள் தண்ணியை வாங்கிக் குடித்தாள். நான்தான் அவசரப்பட்டேன். "அது வந்ததோ?"

"வந்தது. இதே மாதிரி ஒண்டு, பாத்திரம் வேறை."

"பிரிச்சனியோ?"

"பிரிச்சனான் மாமா. மூலமும் நானேதான் எடுத்தனான்."

ஓட்டோவில் ஏறின பிறகுதான் மற்றதைச் சொன்னாள். சேர்ந்து விண்ணப்பித்தபடியால் போலும், உன்னுடைய சுட்டெண் அவளுடையதுக்கு முன் எண். உன் மேசை அவளுக்கு நேரே முன்னால் போடப்பட்டிருந்தது. மூலையில் உன் எண் ஒட்டியிருந்தது. கதிரை வெறுமை. ஆட்கள் வந்திருக்கிறார்களா என்று பார்த்த ரீச்சர் உன் எண்ணைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொருக்கால் கூப்பிட்டார்.

"நான் ஓம் எண்டு சொல்லப் பார்த்தனான் மாமா" என்றாள். வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வாய்வரைக்கும் வந்தது. பிறகு ரீச்சர் என்ரை எண்ணைக் கூப்பிட்டிட்டா. அதுக்குத்தான் ஓம் எண்டு சொன்னனான்."

பெறுபேறு இன்னும் வரவில்லை. எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. ஆனால் பிள்ளை அறையை விட்டு வந்து, மண்டபத்துக்குள் போய், கடைசிவரை இருந்து எழுதிவிட்டு வந்தாள். நீ அந்தக் காலை என் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டது அவ்வளவுதான்.

உன்னுடைய எண்ணுக்கு நேரே பரீட்சைக்கு வரவில்லை என்று போட்டிருப்பார்கள். அது சரியான பதிவு, மாற்ற ஏலாது. மீள்திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கிற வழியும் இல்லை. எங்கள் ஊரில் இனி உன்னைப் பற்றிக் கதைக்கிறவர்கள், காஸ் அடுப்புத் திருத்தினவர், பாவம், திடீரென்று போய்விட்டார் என்றுதான் சொல்லுவார்கள். நீ நுரை காயாத கையோடு இருபடிச் சமன்பாடு எழுதினாய், விடை சரிவரும்வரை வெட்டிவெட்டித் திரும்ப எழுதினாய், அந்தச் சோதினைக்கு நீ ஆயத்தமாக இருந்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எண் சொன்னவன் நான். அதனால் எனக்குத் தெரியும். யாராவது என்னிடம் கேட்டால், அவன் எழுதியிருந்தால் எடுத்திருப்பான் என்று சொல்வதற்கு நான் இருக்கிறேன், மச்சான். ஒருவரும் கேட்காவிட்டாலும் இருக்கிறேன்.